மின்வெட்டுக்கு நடுவே மூடுல்: பல வருடம் புழங்கிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் ஒரு தொழிற்கல்லூரியில் மின்பணிக் கோட்பாடு நடத்துகிறேன். கல்லூரியில் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் தளம் முன்பே இருந்தது. பாடக்குறிப்புகளைப் பிடிஎஃப்பாகப் போட்டு வைப்பதோடு சரி. 2020-ல் ஊரடங்கு வந்தபிறகுதான் எல்லோரும் அதற்குள் முழுதாக இறங்கினோம். இத்தனை வருடம் புழங்கியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இணையவழிக் கல்வியின் பலம் நேரலை வீடியோவில் இல்லை. மாணவன் தப்பாக விடை சொன்ன நிமிடத்திலேயே அவனுக்குக் கிடைக்கும் பதிலில் இருக்கிறது.

நேரலை வகுப்பு இங்கே எடுபடாததற்கு மாணவர்களின் சோம்பல் காரணமில்லை. 2022, 2023-ல் லோட் ஷெடிங், அதாவது பகுதி பகுதியாக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் விளக்கு எரியும், இன்னொரு புறநகரான ஃபீனிக்ஸில் இருட்டாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அது தலைகீழாக மாறும். ஒரு முறை கரண்ட் போனால் பல இடங்களில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் இறங்கிவிடும். டேட்டா விலை வேறு. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் படிக்கிற பையனிடம், ஏழு மணிக்குக் கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார் என்று சொல்வது நியாயமே இல்லை.

வினாத்தாள் பகுதிதான் மூடுலின் உயிர். அதில் 'கணக்கிடும் வினா' என்று ஒரு வகை உண்டு. சூத்திரத்தை நாம் எழுதிவிட்டால் போதும், எண்களை அது மாற்றி மாற்றிப் போடும். ஒருவருக்கு 16 ஆம்பியர் வரும், பக்கத்தில் இருப்பவருக்கு 20. வாட்ஸ்அப்பில் விடையைக் கைமாற்றிப் பயனில்லை. செய்கிற வழியைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதானே நமக்கும் வேண்டியது?

கேபிளில் வோல்டேஜ் எவ்வளவு குறைகிறது என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். இங்கே 230 வோல்ட் இணைப்பில் 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட் வரைதான் குறையலாம். ஒரு கம்பியின் மின்தடை 0.3 ஓம், மின்னோட்டம் 20 ஆம்பியர். போகிற கம்பி, திரும்புகிற கம்பி இரண்டையும் சேர்த்தால் 12 வோல்ட். வரம்பைத் தாண்டிவிட்டது, கேபிளை மாற்ற வேண்டும். திரும்பும் கம்பியை விட்டுவிட்டால் 6 வோல்ட் வரும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். வருடா வருடம் மாணவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மூடுலில் தப்பான சூத்திரத்தையும் ஒரு விடையாகச் சேர்த்து, அதற்கென்று தனிக் குறிப்பு எழுத முடியும். 6 என்று போட்டவருக்கு வெறும் 'தவறு' என்று வராது, "மின்சாரம் எந்த வழியாகத் திரும்பி வருகிறது?" என்று கேள்வி வரும். அப்புறம் மறுபடி முயலலாம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் நோட்டையும் எட்டிப் பார்த்து இதைக் கேட்க எந்த ஆசிரியராலும் முடியாது.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மூடுலின் மொபைல் செயலியில் வினாத்தாளைத் தரவிறக்கி, இணையம் இல்லாமலே எழுதலாம். ஆனால் அப்படிச் செய்ய நேரக் கட்டுப்பாடு இருக்கக் கூடாது, குறிப்புகளும் கடைசியில்தான் தெரிய வேண்டும். உடனுக்குடன் குறிப்பு கொடுக்கும் முறை அங்கே வேலை செய்யாது. எனக்கு இது பெரிய குறைதான். கரண்ட் இல்லாதவனுக்குத்தானே அந்த உடனடிப் பதில் அதிகம் தேவை? அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு தாள் வைக்கிறேன். வீட்டில் எழுத ஒன்று, கல்லூரி வைஃபையில் எழுத ஒன்று. வேலை இரட்டிப்புதான், ஆனால் பலன் இருக்கிறது.

மதிப்பெண் ஏடு குழப்பமானது. புதிதாக வரும் ஆசிரியர்கள் அதில் திண்டாடுகிறார்கள். மாணவர்கள் எழுதிக் கலந்துரையாடும் மன்றங்களில் கேள்வி-பதில் வகை நன்றாக இருக்கிறது. தன் பதிலைப் போட்டபிறகுதான் மற்றவர்கள் எழுதியது கண்ணில் படும், ஆகவே முதலில் எழுதுபவரைப் பார்த்து எல்லோரும் தலையாட்ட முடியாது.

மாணவர்கள் செய்து அனுப்பும் ஒப்படைப்புகளுக்குக் குரலில் கருத்துச் சொல்லும் வசதியும் உண்டு. பெரியவர்களுக்கு வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுக்கும் சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவருக்கு அதைக் காட்டினேன். "தம்பி, இது எங்களுக்குத்தான் முதலில் வேண்டும். அவர்கள் படிப்பதை நானும் கேட்க வேண்டும், நான் திருத்துவதை அவர்களும் கேட்க வேண்டும்" என்றார். இங்கே பல வீடுகளில் பாட்டி தலைமுறையோடு தமிழ்ப் பேச்சு நின்றுவிட்டது. பேரப்பிள்ளைகள் ஐம்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அவர்கள் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அக்கா ராத்திரி கேட்டுவிட்டு, திருத்தத்தைத் தன் குரலிலேயே திருப்பி அனுப்புகிறார். சின்ன ஒலிக்கோப்பு என்பதால் டேட்டாவும் அதிகம் போகாது. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்பட்டவர்கள்கூட இதில் வாசிக்கிறார்கள் என்று சொல்கிறார்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு: வீடியோ எடுப்பதில் விடுமுறையைச் செலவழிக்காதீர்கள். பழைய விடைத்தாள்களை எடுத்து, மாணவர்கள் எங்கெங்கே தப்பு விடுகிறார்கள் என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு குறிப்பு எழுதி வினா வங்கியில் சேருங்கள். அடுத்த வருடம் அதே வங்கியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.