ஒரு டயல் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்

என் கேமரா சர்வீஸ் முடிந்து கைக்கு வந்த அன்றே நண்பனிடமிருந்து செய்தி. “மச்சி, மிரர்லெஸ் வாங்கப் போறேன். கடைசியா ரெண்டுல வந்து நிக்குது. ஒண்ணு உன்கிட்ட இருக்கிறது, இன்னொண்ணு உன் தங்கச்சிகிட்ட இருக்கிறது. எதை வாங்கட்டும்?”

மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறான். இரண்டரை வருடம் என் கேமராவோடு குடும்பம் நடத்தி, கடைசி மூன்று வாரம் தங்கையின் கேமராவை இரவல் வாங்கி அலைந்தவனிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது. அவனுக்கு எழுத ஆரம்பித்து, நீண்டுபோய் இங்கே வந்து நிற்கிறது.

கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வீர்கள். டயல் என்பது வெளிச்ச அமைப்புகளை மாற்ற விரலால் திருப்பும் சக்கரம். என்னுடையது ஒற்றை டயல், தங்கையுடையது இரட்டை டயல். இந்த அடையாளம் போதும், ஏனென்றால் என் புலம்பல் முழுக்க அதைப் பற்றித்தான்.

ஸ்பெக் எல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டும் சற்றுச் சிறிய அளவான ஏபிஎஸ்-சி சென்சார், இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டுக்கும் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இரண்டிலும் 23.6 லட்சம் புள்ளி. அந்த எண்ணில் மயங்கிவிட வேண்டாம். ஒரு பிக்சலுக்கு மூன்று நிறப் புள்ளி என்று எண்ணுகிறார்கள். மூன்றால் வகுத்தால் 1024-க்கு 768, அவ்வளவுதான். கண்ணுக்கு அது போதும் என்பது வேறு விஷயம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே இடத்தை எடுத்து, எது எதில் எடுத்தது என்று என்னைக் கேட்டால் நானே தப்பாகச் சொல்வேன். கடையில் நின்றபோது நானும் இப்படித்தான் யோசித்தேன். படம் ஒன்றுபோல வருகிறது. ஒற்றை டயல் எடை குறைவு, புதுசு, திரை எல்லாப் பக்கமும் திரும்புகிறது. ஒரு டயல் குறைந்தால் என்ன ஆகிவிடும்?

என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

குளத்தங்கரையில் ஒரு வெள்ளைக் கொக்கு. அதற்குப் பின்னால் மர நிழல் விழுந்த கறுப்புத் தண்ணீர். நான் எப்போதும் அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியில் வைத்திருப்பவன். அதாவது லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஃப்ரேமில் பெரும்பகுதி இருட்டு என்பதால் கேமரா தன் கணக்குக்கு மொத்தத்தையும் வெளிச்சமாக்கும். கொக்கின் இறகெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும். அப்படி முற்றிலும் வெளுத்துப்போன இடத்தை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்திருந்தாலும் மீட்க முடியாது, அங்கே மீட்க எதுவுமே பதிவாகி இருக்காது. கேமராவின் வெளிச்சக் கணக்கைத் திருத்தும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு, குறைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஒற்றை டயலில் அதைச் செய்வது இப்படி. டயல் இப்போது அப்பர்ச்சரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கட்டைவிரலால் பின்னால் இருக்கும் ஒரு பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்த வேண்டும். அழுத்தினால் அதே டயல் சில விநாடிகளுக்குக் காம்பென்சேஷன் டயலாக மாறும். அதற்குள் திருப்பிவிட வேண்டும். நான் கொக்கைப் பார்த்தபடி கொஞ்சம் தாமதித்தேன். டயல் மறுபடி அப்பர்ச்சருக்குப் போய்விட்டது எனக்குத் தெரியாது. வெளிச்சத்தைக் குறைக்கிறேன் என்று நினைத்து அப்பர்ச்சரை எஃப்/11 வரை மூடியிருக்கிறேன் (எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்). கேமரா பதிலுக்கு ஷட்டர் வேகத்தை இறக்கிவிட்டது. ஆக, இறகும் வெளுத்தது, கொக்கும் அசைந்து கலைந்தது. தலையை நிமிர்த்தினால் தண்ணீர் மட்டும் இருந்தது.

இது ஒருநாள் கதையாக இருந்தால் எழுதவே மாட்டேன். இரண்டரை வருடமாக, வெளிச்சம் சட்டென்று மாறும் ஒவ்வொரு முறையும் இதே கூத்து. மேனுவல் மோடு இன்னும் மோசம்: ஷட்டருக்கு டயல், அப்பர்ச்சருக்குப் பட்டனை அழுத்தி அதே டயல், வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவுக்கு வேறு பட்டனை அழுத்தி அதே டயல். மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்பார்கள். இந்த டயலுக்கு நாலு பக்கமும் இடி.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவில் வைத்து எடுப்பவருக்கு இந்தப் புலம்பல் புரியவே புரியாது. அவர் என் கேமராவை வாங்கிச் சந்தோஷமாக இருப்பார். திரையைத் தொட்டும் காம்பென்சேஷனை மாற்றலாம், ஆனால் அதற்குக் கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்க வேண்டும். அரை அழுத்தில் எக்ஸ்போஷரைப் பூட்டும் வித்தையும் இருக்கிறது. எல்லாம் முயன்று பார்த்தாயிற்று. எதுவும் கையோடு ஒட்டவில்லை.

இரண்டு வருடம் தாண்டியதும் டயலே கிறுக்குப் பிடித்துத் திரிய ஆரம்பித்தது. ஒரு கிளிக் திருப்பினால் மூன்று தாவும். சில நேரம் எஃப்/5.6-லிருந்து மேலே போகச் சொன்னால் கீழே வரும். டயல் எவ்வளவு திரும்பியது என்று எண்ணும் என்கோடர் உள்ளே இருக்கிறது, அதில் தூசோ ஈரமோ சேர்ந்தால் இப்படி ஆகுமாம். இரண்டு டயல் இருந்து ஒன்று படுத்தால் மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். இருக்கும் ஒன்றே படுத்தால்? வாரன்டி முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது, அதைச் சொல்லவும் வேண்டுமா. டயலை மட்டும் தனியாக மாற்ற முடியாது, மேல்மூடி முழுவதையும்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சரியாக மூன்று வாரம் ஆனது. அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்.

அந்த இடைவெளியில்தான் தங்கையின் கேமரா. மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கியது. பேட்டரி சுத்தமாகக் காலி. சார்ஜ் ஏற்றிக்கொண்டு நேராகக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் போட்டால் ஒன்றையும் காணோம். தேடினால் பட்டியலின் அடியில், சில வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி 1-ல் கிடக்கின்றன. உள்ளே கடிகாரத்தை ஓட வைக்கும் குட்டி பேட்டரியும் பெரிய பேட்டரியிலிருந்துதான் சார்ஜ் ஆகிறது. நாள்பட விட்டால் தேதி அழிந்து முதலிலிருந்து தொடங்கும். தங்கையிடம் காட்டினேன். “அண்ணா, நான் இதை வாங்கறதுக்கு முன்னாடியே நீ இதுல எடுத்திருக்கே” என்றாள்.

இரட்டை டயலுக்குக் கை பழக இரண்டு நாள் ஆனது. ஆள்காட்டி விரலில் அப்பர்ச்சர், கட்டைவிரலில் காம்பென்சேஷன். மூன்றாம் நாள் விரலைப் பற்றிய நினைவே இல்லை. அதே குளத்தங்கரை, பழைய கொக்கா புதுக் கொக்கா தெரியாது, வெயில் மேகத்துக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. வியூஃபைண்டரில் இறகு வெளுக்கத் தொடங்கும்போதே கட்டைவிரல் தானாக இரண்டு கிளிக் நகர்ந்தது. மிரர்லெஸ்ஸின் பெரிய லாபமே எடுக்கும் முன்பே வெளிச்சத்தைப் பார்த்துவிடலாம் என்பதுதான். பார்த்த நொடியில் திருத்த ஒரு விரல் சும்மா இருந்தால்தான் அந்த லாபம் முழுதாகக் கைக்கு வருகிறது. இரண்டரை வருடம் பாதியைத்தான் அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் அன்று எடுத்த அறுபது படத்தில் அறுபதிலும் வெளிச்சம் சரி. இருபதில் ஃபோகஸ் கொக்குக்கு முன்னால் இருந்த கிளையின் மேல். என் கேமரா பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்து விடாமல் நிற்கும். தங்கையுடையதற்கு மனித முகம் தெரியும், பறவையைத் தெரியாது. ஓடும் குழந்தையை எடுத்தாலும் அந்த வித்தியாசம் தெரிகிறது. பத்து படத்தில் ஒன்பது என்னுடையதில் தேறும், இதில் ஆறு தேறினால் நல்ல நாள். திரை மேலும் கீழும் மட்டும் சாயும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துத் தரையோடு வைத்து எடுப்பதென்றால் நாமும் தரையோடு படுக்க வேண்டியதுதான். எடையும் கூடுதல். அந்தக் கூடுதல் எடையில் பாதி கைப்பிடியில் இருக்கிறது என்பதால் அரை நாள் நடந்த பிறகு இதுதான் கையில் இலகுவாக இருந்தது, அது வேறு.

வீடியோ நான் எடுப்பதில்லை. எடுப்பவர்கள் 4கே-யில் ஃப்ரேம் எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நண்பன் இதில் எதையும் கேட்கவில்லை. “கிட் லென்ஸ் எது நல்லா இருக்கும்?” என்று கேட்டான். கேமராவோடு சேர்த்துத் தரும் அந்த லென்ஸ்கள் இரண்டுமே ஜூம் செய்தால் எஃப்/6.3-ல் போய் நிற்பவை. சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்தால் ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறும். எஃப்/1.8 லென்ஸ் ஒன்று மாட்டினால் அதைவிட 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 500 போதும். எந்த பாடி என்று ஒரு மாதம் மண்டையை உடைப்பதைவிட, மிச்சம் பிடித்து அந்த லென்ஸை வாங்கு என்றுதான் முதலில் சொன்னேன்.

லென்ஸ் வந்து பொருந்தும் வாயான மவுன்ட்டையும் பார்க்கச் சொன்னேன். பாடி மாறும், லென்ஸ் கூடவே இருக்கும். சோனியின் இ மவுன்ட் 2010-லிருந்தும் ஃபுஜிஃபில்மின் எக்ஸ் 2012-லிருந்தும் இருப்பதால் பழைய லென்ஸ்கள் கைமாறிக் கிடைப்பது சுலபம். நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப் இரண்டும் 2018-ல் வந்தவை. இந்தச் சிறிய சென்சாருக்கான சிக்மா லென்ஸ்கள் இசட்டுக்கு 2023-லும் ஆர்எஃப்புக்கு 2024-லும்தான் வந்து சேர்ந்தன. செகண்ட் ஹேண்டில் பார்க்கிறேன் என்றால் கேனான் 2012-ல் தொடங்கிய ஈஎஃப்-எம் கண்ணில் படும். படம் அருமையாக வரும், ஆனால் அந்த வரிசைக்கு இனி புது லென்ஸ் எதிர்பார்க்க முடியாது. தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஃபோகஸ், எடை, திரை மூன்றிலும் ஒற்றை டயல்தான் முன்னால் நிற்கிறது. அதன் பக்கம் மூன்று, இரட்டை டயல் பக்கம் ஒன்று. நண்பனுக்கு அந்தக் கணக்கை அப்படியே அனுப்பிவிட்டு, கீழே “இரட்டை டயலை வாங்கு” என்று எழுதினேன். “என்னடா, கணக்கும் பதிலும் ஒத்துவரலையே” என்று கேட்டான். இன்றைக்குக் கேட்டால் இதுதான் பதில், கொக்கு பறந்துபோன கோபம் ஆறிய பிறகு வேறு சொன்னாலும் சொல்வேன் என்றேன்.

சர்வீஸிலிருந்து வந்தது மேசையில் இருக்கிறது. புது டயல் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. வந்த அன்று இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தவன், இன்னும் அதற்கு கார்டு போடவில்லை.

நேற்று தங்கை போனில் கேட்டாள். “அண்ணா, உன்னோடதுதான் வந்திருச்சே, என்னோடதை எப்போ தருவே?” சார்ஜரை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.