10 சதவீத வட்டி என்று சொன்ன கடனுக்கு நான் கொடுத்தது 23.5 சதவீதம்: ஓர் எச்சரிக்கை

தனிநபர் கடன் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் ஒப்புதல் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளில், 24 தவணைகளில் அடைக்கும்படி நான் வாங்கிய கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். உண்மையில் நான் கொடுத்துக்கொண்டிருந்தது 23.5 சதவீதம் என்பது பாதித் தவணைகளைக் கட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தாங்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்றே அந்த நிறுவனம் இன்றுவரை சொல்கிறது. கணக்கு எளிதாகப் புரியும்படி, நான் வாங்கிய கடனை 100 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மழைக்கு வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது. பழுதுபார்க்கத் தேவைப்பட்ட 100-இல் ஏறக்குறைய 60 எங்கள் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாக இருந்தது. ஆனால், சேமிப்பில் கைவைக்கக் கூடாது என்பதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததால், 6 சதவீத வட்டி ஈட்டிக்கொண்டிருந்த அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிட்டு முழுத் தொகைக்கும் கடன் தேடினேன். நிறுவனத்திலிருந்து அழைத்தவர் மிகவும் பணிவாகப் பேசினார். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, மாதம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பது. உண்மையைச் சொன்னால், நான் கேட்ட ஒரே கேள்வியும் அதுதான்.

"மாதம் 5 தான் மேடம். ஃபிளாட் ரேட் 10 சதவீதம், கடைசிவரை ஒரே சீராக இருக்கும், ஏறவே ஏறாது" என்றார் அவர். ஃபிளாட் என்றால் ஏற்ற இறக்கம் இல்லாத நிலையான வட்டி என்று நான் புரிந்துகொண்டேன். அவர் பேசிய விதமும் அப்படிப் புரிந்துகொள்ளவே இடம் கொடுத்தது. அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் வேறு. தவணை கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடுவதுதான் ஃபிளாட் ரேட்.

ஒப்பந்தம் கைப்பேசிக்கு வந்தது. சிறிய திரையில் 22 பக்கங்கள். விரலால் கீழே தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இருந்த ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தைத் தொட்டு, குறுஞ்செய்தியில் வந்த ஓடிபி எண்ணை உள்ளிட்டேன்; எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் என் கணக்கில் வந்து சேர்ந்தது 100 அல்ல, 95. அழைத்துக் கேட்டபோது, செயலாக்கக் கட்டணம் 3, கடன் காப்பீடு 2, இவையெல்லாம் வழக்கமான பிடித்தம் என்றார்கள். கூரை வேலை செய்பவர் முன்பணத்துக்காகக் காத்திருந்தார். சரி என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் நான் அதை வட்டியோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவே இல்லை.

எங்கள் வீட்டில் வரவு செலவு நோட்டு உண்டு. பல ஆண்டுகளாகத் தவறாமல் எழுதிவருகிறேன். ஆனால், அந்த நோட்டில் கடன்களுக்கென்று நான் ஒதுக்கிய பகுதியில் மாதத் தவணைகள் மட்டுமே இருந்தன. எந்தக் கடனுக்கு மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம், இன்னும் எவ்வளவு பாக்கி, வட்டி எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. மாதச் சம்பளத்துக்குள் தவணை அடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பது நல்ல குடும்ப நிர்வாகம் என்று நான் உளமார நம்பியிருந்தேன். கடன் விற்பவர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். தவணையைக் காட்டினால் போதும், மற்றதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை அறிந்துதான் அவர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

பன்னிரண்டாவது தவணை கட்டிய வாரத்தில் என் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். கணக்கு வேலை பார்ப்பவள். மேசைமேல் இருந்த நோட்டைப் புரட்டியவள், "அக்கா, கையில் வந்தது 95. திருப்பிக் கொடுக்கப்போவது 120. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருகிறது. இது எப்படிப் பத்துச் சதவீதம் ஆகும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கடனின் தவணை அட்டவணையைத் தரவிறக்கி, இருவரும் பென்சிலுடன் உட்கார்ந்தோம். முதல் தவணையான 5-இல் வட்டிக்குப் போனது 1.51, அசலில் கழிந்தது 3.49. கடைசித் தவணையில் வட்டி வெறும் 0.07. அதாவது, என்னிடம் பேசும்போது 10 சதவீத ஃபிளாட் என்று சொன்ன அதே நிறுவனம், தன் அட்டவணையில் குறைந்துவரும் அசலுக்கு ஆண்டுக்கு 18.2 சதவீதம் என்றே கணக்கு வைத்திருந்தது. முன்கூட்டியே பிடித்துக்கொண்ட 5-ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 23.5 ஆனது.

பிறகு ஒப்பந்தத்தை முதல்முறையாகப் பெரிய திரையில் திறந்து படித்தோம். அந்த 23.5 என்ற எண் 19-ஆம் பக்கத்தில், ஆண்டுச் சதவீத விகிதம் (APR) என்ற தலைப்பில் இருந்தது. கட்டணங்களையும் உள்ளடக்கிய இந்த விகிதத்தைக் கடன் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1968-இலேயே சட்டம் இயற்றியது. வேறு பல நாடுகளிலும் அத்தகைய விதிகள் இருக்கின்றன. ஆகவே உங்கள் ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் அது எங்காவது இருக்கும். தொலைபேசியில் உங்களிடம் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள் என்பதால், நீங்களே அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும். காட்டத் தயங்கினால் அந்தக் கடன் வேண்டாம்.

நீங்களாகவே கணக்கிடவும் முடியும். கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள விரிதாள் செயலியில் ரேட் (RATE) என்றொரு சார்பு இருக்கிறது. அதில் தவணைகளின் எண்ணிக்கையையும், கழித்தல் குறியுடன் மாதத் தவணையையும், உண்மையில் கைக்கு வரும் தொகையையும் இந்த வரிசையில் கொடுத்தால் மாத வட்டி வரும். என் கடனுக்கு 24, கழித்தல் 5, 95 என்று கொடுத்தபோது 1.96 சதவீதம் வந்தது. அதை 12-ஆல் பெருக்கினால் ஆண்டு விகிதம். விரிதாள் கையில் இல்லாத நேரத்தில், ஓரிரு ஆண்டுக் கடனுக்கு ஃபிளாட் ரேட் சொன்னால், அதை ஏறக்குறைய இருமடங்காக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பிடித்தம் இல்லையென்றால் உண்மை அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கும்; பிடித்தம் இருந்தால் என் கடனைப்போல அதையும் தாண்டிவிடலாம்.

வைப்புத்தொகையை முறித்துக் கடனை அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். 24-இல் 12 தவணைகள் போய்விட்டதால் அசல் 50 இருக்கும் என்று நினைத்தேன், 54.5 இருக்கிறது என்றார்கள். தொடக்க மாதங்களில் வட்டி அதிகமாகவும் அசல் குறைவாகவும் கழிந்திருந்ததே காரணம். அதற்குமேல் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் 4 சதவீதம். எல்லாம் சேர்த்து 56.7 கட்டினேன். ஏற்கெனவே கட்டியது 60. ஆக, ஓராண்டு முன்னதாக முடித்தும் 120-இல் எனக்கு மிச்சமானது 3.3 மட்டுமே. தொடக்கத்திலேயே அந்த 60-ஐ எடுத்துக் கூரையைச் சரிசெய்து, மீதிக்கு மட்டும் கடன் வாங்கியிருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. 6 சதவீதம் தரும் பணத்தைப் பாதுகாக்க 23.5 சதவீதம் கொடுத்ததைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வது?

நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். நான் ஒப்புதல் அளித்த ஒப்பந்தத்தில் எல்லாம் தெளிவாக உள்ளது என்று நான்கு வரியில் பதில் வந்தது. வட்டியிலோ கட்டணத்திலோ எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் தங்கை சொல்லித்தான் தெரிந்தது: கடன் முடிந்தபின் கடன் காப்பீட்டுக்கு வேலையில்லை என்பதால், மீதிக் காலத்துக்குரிய பங்கைத் திருப்பித் தருமாறு காப்பீட்டு ஆவணத்தைக் காட்டி எழுதினேன். கடனை முடிக்கும்போது நிறுவனம் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. எல்லா ஒப்பந்தங்களிலும் இது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை. எனக்கு ஏழு வாரங்கள் கழித்து ஒரு பகுதி வந்தது. நிலுவை இல்லை என்ற சான்றிதழும் அதே வாரத்தில், மூன்றாவது முறை கேட்ட பிறகு வந்து சேர்ந்தது.