ஏர் ஃப்ளோ சென்சாருக்கு ‘ரோடு டியூனிங்’ என்று பணம் கேட்டால் எச்சரிக்கை

கோவையில் ஒரு வெளிப்பட்டறையில் எனக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஏற்றத்தில் இழுவை குறைகிறது என்று என்னுடைய 1.8 லிட்டர் பெட்ரோல் காரைக் கொண்டுபோனபோது, ஏர் ஃப்ளோ சென்சார் (எம்.ஏ.எஃப்) போய்விட்டது என்று சொல்லி வேறொன்றைப் பொருத்தினார்கள். பிறகு, புதிய சென்சாரின் அளவுக்கு ஏற்ப எஞ்சின் கணினியைச் சாலையில் ஓட்டியபடியே டியூன் செய்தாக வேண்டும் என்று கூறி, அதற்குத் தனியாக ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கினார்கள். அந்தக் காருக்குரிய அசல் சென்சாருக்கு இப்படி ஒரு வேலையே தேவையில்லை. அதன் அளவீட்டு வரைகோடு கணினியில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது.

சூடேற்றிய மெல்லிய படலத்தின் மேல் காற்று பாயும்போது எவ்வளவு வெப்பம் இழக்கப்படுகிறது என்பதைக் கொண்டு, நொடிக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்று இந்த சென்சார் சொல்கிறது. அதை வைத்துக் கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது. கணக்கு தப்பினால் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் உதவியால் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தத்துக்குத்தான் ஃப்யூயல் ட்ரிம் என்று பெயர். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் ஆராய வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஒரு கிராம் எரிய வேண்டிய காற்று, சாதாரண பெட்ரோலைப் போல 14.7 கிராம் அல்ல, ஏறத்தாழ 13.5 கிராம் என்பதால், பழைய கார்களில் அதனாலேயே ட்ரிம் சில சதவீதம் ஏறும் என்பதையும் நேர்மையான மெக்கானிக் கணக்கில் கொள்வார்.

நீலாம்பூர் – மதுக்கரை புறவழிச்சாலையில் பட்டறையின் டியூனர், மடியில் லேப்டாப்பை வைத்துத் திரையைப் பார்த்தபடியே, லாரிகளுக்கு நடுவே ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்தார். உயிரோடு விளையாடும் செயல் அது. அப்படி முழுவதுமாக மிதிக்கும்போது காற்று-பெட்ரோல் கலவையை அளக்கத் தேவையான வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் எதையும் அவர் பொருத்தியிருக்கவில்லை. திரும்பி வந்ததும் லாங் டேர்ம் ட்ரிம் (கணினி நாளடைவில் கற்றுவைக்கும் திருத்தம்) சுழி என்று காட்டி, டியூனிங் கச்சிதமாக முடிந்தது என்றார்.

ஒரு வாரத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற கோளாறு. காரின் கணினியில் உள்ள விவரங்களைப் படிக்கும், என்னிடம் இருந்த ஓ.பி.டி. கருவியில் பார்த்தால் ட்ரிம் 19 சதவீதம். கணினியில் உள்ள கோளாறுப் பதிவுகளை அழித்த பின் ஓடிய தூரமோ, அந்தப் புறவழிச்சாலைப் பயணத்தில் இருந்துதான் தொடங்கியிருந்தது. அந்தப் பதிவுகளை அழித்தால் கணினி கற்றுவைத்த ட்ரிம்மும் சுழிக்குப் போய்விடும். எனக்குக் காட்டப்பட்டது அந்தச் சுழிதான். டியூனிங்குக்கு முன்பு நான் குறித்து வைத்திருந்த, கணினி மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணும் மாறவே இல்லை. எதுவும் மாற்றி எழுதப்படவில்லை என்பதே இதன் பொருள்.

நிறுவன சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பார்த்தபோது, பொருத்தப்பட்டிருந்த சென்சாரில் பாக எண்ணே இல்லை. அச்சடித்த எழுத்து விரல் பட்டதும் கலைந்தது. அசலைப் போட்டதும் எந்த டியூனிங்கும் இல்லாமல் ட்ரிம் நான்கு சதவீதத்தில் நின்றுவிட்டது.

யாராவது இந்த வேலையைச் சொன்னால், முன்பும் பின்பும் எடுத்த பதிவுகளைக் கோப்பாகக் கேளுங்கள். ஷார்ட் டேர்ம் (அந்தந்த நொடியின் திருத்தம்), லாங் டேர்ம் ஆகிய இரண்டு ட்ரிம்களையும் சேர்த்துப் பாருங்கள். சில நாள் ஓட்டிய பின் மறுபடி பார்க்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பல சிறிய பெட்ரோல் கார்களில் இந்த சென்சாரே கிடையாது, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கும் என்பதால், உங்கள் காரில் எது உள்ளது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கழற்றிய பழைய சென்சாரை என்னிடம் அவர்கள் திருப்பித் தரவில்லை. நீங்கள் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பில் இருக்கிறதா என்றார்கள். கொடுத்ததே துண்டுச் சீட்டுதான். யு.பி.ஐ. ரசீதையும் ட்ரிம் பதிவுகளையும் இணைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.