10 மடங்கு கை லென்ஸ்: கோஸ் போடுறவங்க வாங்கலாம்

ஊட்டில போன மாசம் 280 ரூபாய்க்கு வாங்குனேன், மடக்குற மாதிரி சின்ன லென்ஸ். ஊட்டி பக்கத்துல கேத்தில முக்கால் ஏக்கர் கோஸ், ஓரமா கொஞ்சம் பட்டாணி நமக்கு. சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி வந்து இலையெல்லாம் சாம்பல் பூசுன மாதிரி அப்பிக்கிச்சு. பூச்சிமருந்துக்கடைல இமிடாகுளோபிரிட் குடுத்தாங்க, கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடுச்சு, சரின்னு போனா வேற மருந்துன்னு தயாமீதாக்சாம் குடுத்தாங்க. பேர்தான் வேற, ரெண்டும் ஒரே 4ஏ குரூப் (பூச்சிய எப்படி கொல்லுதுங்கறத வெச்சு மருந்துகளப் பிரிக்கற நம்பர்), பூச்சி நரம்புல ஒரே எடத்துலதான் வேலை செய்யுது, ஒண்ணுக்கு சாகாதது இன்னொண்ணுக்கும் சாகாம போக நெறைய வாய்ப்பு இருக்கு. இத அவங்க ஒரு வார்த்த சொல்லலைங்கறதுல எனக்கு இன்னும் கோவம்.

லென்ஸ் வெச்சு பாத்தா இலைக்கு அடில பழுப்பா உருண்டையா ஊதிப்போய் ஒட்டிக்கிட்டு இருக்கு சில அசுவினி. இத்தன நாளா மருந்துல செத்ததுன்னு நெனச்சிருந்தேன். இல்லைங்க, குட்டிக் குளவி அதுக்குள்ள முட்டை விட்டு, புழு உள்ளயே தின்னு வெறும் கூடாக்கி வெச்சிருக்கு. முதுகுல வட்டமா ஓட்டை இருந்தா குளவி வெளிய வந்தாச்சு, இல்லைன்னா பெரும்பாலும் இன்னும் உள்ளதான். அந்த நேரத்துல மருந்தடிக்க டேங்க் தூக்குனா நாம கொல்றது நமக்கு வேலை செய்யற குளவியத்தான்.

மருந்துக்குத் தாங்குற பச்சை அசுவினில சிலது, கூட இருக்கற அசுவினி ஆபத்துன்னு விடற வாசனை வந்தாலும் சட்டுனு நகராதாம், குளவிகிட்ட ஈஸியா மாட்டுதுன்னு இங்கிலாந்துல பாத்திருக்காங்க. பட்டாணி அசுவினி கத வேற, சிலதோட ஒடம்புல இருக்கற பாக்டீரியாவே குளவிப் புழுவ சாகடிச்சிடுது, 2003-ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. அதனால கோஸ்ல குளவிய நம்பி விட்டாலும் பட்டாணிய தனியா பாக்கறேன், கூடு கம்மியா இருந்தா வேப்பெண்ணெய் கரைசல்தான் மொதல்ல.

லென்ஸ்ல கொறைன்னா, பனி நேரத்துல கண்ணாடி மங்கிடுது, துணி வெச்சு தொடச்சுக்கிட்டே இருக்கணும். இலைய ரொம்ப பக்கத்துல, ஒரு இஞ்ச் தள்ளி புடிச்சாத்தான் தெளிவா தெரியும், கண்ணையும் லென்ஸ்கிட்ட ஒட்டி வெச்சுக்கணும், பழக ரெண்டு நாள் ஆச்சு. கயிறு கூட வரல, நானே ஒண்ணு கட்டி கழுத்துல மாட்டிக்கிட்டேன்.