சுபேதார் வீட்டுக் காய்கறிப் பை: எட்டு மாதம் வாங்கியபின்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் என்ன சமைப்பது என்பதை நீங்களே முடிவு செய்கிற ஆள் என்றால், தோட்டத்திலிருந்து வாரா வாரம் வருகிற இந்தக் காய்கறிப் பை உங்களுக்கு ஒத்துவராது. இங்கே பைதான் முடிவு செய்யும். எங்கள் வீட்டில் இது புரிய இரண்டு மாதம் ஆனது, அதற்குள் பீர்க்கங்காயை வைத்து அம்மாவுக்கும் எனக்கும் நாலு முறை சண்டை வந்துவிட்டது.

பெங்களூருக்குத் தெற்கே, ஆனேக்கல்லைத் தாண்டி தளி போகிற பக்கம், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் குடும்பத்தோடு தோட்டம் வைத்திருக்கிறார். நம் கணக்கில் இரண்டே கால் ஏக்கர், இந்த ஊர்ப் பத்திரத்தில் 2 ஏக்கர் 10 குண்டே. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், அங்கேதான் தெருவுக்கு நாலு வீடு மிலிட்டரி வீடாக இருக்குமே. அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு, அதன் சென்டரில் பயிற்சி எடுத்தவர், கடைசியில் பெங்களூரிலேயே தங்கிவிட்டார். முன்பெல்லாம் விவசாயக் குடும்பம் இல்லாதவர்கள் கர்நாடகாவில் விவசாய நிலம் வாங்க முடியாது, 2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி திறந்தது, அடுத்த வருடமே இவர் வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை பெங்களூரில் கம்மனஹள்ளிப் பக்கம் இருபது வீடுகளுக்குப் பை வருகிறது. ஐந்து கிலோ காய், மூன்று கட்டு கீரை, 550 ரூபாய். நாலு வாரத்துக்கு முன்பணம். என்ன வரும் என்பதைப் புதன் இரவு அவர் மகள் வாட்ஸ்அப்பில் போடுவாள். முட்டை தனி, மஞ்சள் தனி. கடலை எண்ணெயும் உண்டு, ஆனால் அது பக்கத்து ஊர்ச் செக்கில் வாங்குவது, எங்கள் கடலை இல்லை என்று அவர்களே சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

விலை அதிகம்தான், மறைக்க என்ன இருக்கிறது. தெருவில் வருகிற வண்டியில் இதே அளவு காய் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். சீசனில் தக்காளி விலை தரைக்கு வந்தபோது இவர்கள் ஒரு ரூபாய் குறைக்கவில்லை என்று நான் முணுமுணுத்தேன், ஆனால் விலை ஏறினபோதும் ஒரு ரூபாய் கூட்டவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

குறைகளை முதலில் சொல்கிறேன். ஆகஸ்டில் தொடர்ந்து ஐந்து வாரம் பீர்க்கங்காய். கூட்டு, துவையல், தோல் துவையல், பஜ்ஜி, மறுபடியும் கூட்டு. கத்திரிக்காயில் நாலுக்கு ஒன்று சொத்தை. மழை வாரத்தில் கீரை மண்ணோடு வரும், நாலு தண்ணீர் மாற்றி அலசினாலும் ஐந்தாவதில் கொஞ்சம் அடியில் தங்கும். "மண்ணுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குறாங்களா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது நேர விஷயத்தில். பை வாங்கும் நேரம் 6.45 முதல் 7.15 வரை. ஒரு சனிக்கிழமை பையனுக்குக் காய்ச்சல், நான் போய்ச் சேர்ந்தபோது 7.25. வண்டி கிளம்பிவிட்டது. என் பையை வேறு ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். போன் செய்தால் மகள், "அப்பாகிட்டயே பேசிடுங்க ஆன்ட்டி" என்று தப்பித்துக்கொண்டாள். அவரோ, "ஏழே காலுக்கு மேல கீரை நிக்காதும்மா, வாடிப்போனா நீங்கதான் திட்டுவீங்க" என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த வாரம் பையில் ஆறு முட்டை கூடுதலாக இருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராணுவத்தில் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இருந்தாலும் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த அரை மணி நேரக் கெடுபிடி சரிப்படாது. கொஞ்சம் தளர்த்தலாம்.

பிறகு ஏன் எட்டு மாதமாக வாங்குகிறேன்? டிசம்பரில் ஒரு ஞாயிறு நேரில் போய்ப் பார்த்தேன், அதனால்தான். பை வாங்குகிற எந்த வீடும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகலாம், தலைக்கு 200 ரூபாய், மதியச் சாப்பாடு உண்டு.

முட்டையிலிருந்து தொடங்குகிறேன். பழுப்பு நிற முட்டை, நான் அதுவரை எல்லோரிடமும் நாட்டுக்கோழி முட்டை என்றே பீற்றிக்கொண்டிருந்தேன். அங்கே கோழிக் கூண்டு பக்கம் நின்று அதையே சொன்னதும் அவர் உடனே திருத்தினார். இது நாட்டுக்கோழி இல்லை, கிரிராஜா, இதே பெங்களூரில் உருவாக்கிய ரகம், அதனால்தான் நாட்டுக்கோழி விலை வாங்குவதில்லை என்றார். வாங்க வந்தவளே தப்பாகப் புகழும்போது சும்மா சிரித்துவிட்டுப் போகாத வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

'ஆர்கானிக்' என்ற சொல்லையும் அவர் பையில் போடுவதில்லை. பிஜிஎஸ் என்று விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சோதித்து வாங்கும் இயற்கை விவசாயச் சான்றிதழ் உண்டு, அதற்கு நிலம் ரசாயனத்திலிருந்து மாறுகிற காலம் இன்னும் முடியவில்லையாம். மருந்து அடிப்பதில்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள், அவ்வளவுதான் அவர் சொல்வது. அதோடு நிற்காமல் மேற்கு வேலிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்து நிலத்தில் இருக்கும் ரோஜாப் பசுமைக்குடிலைக் காட்டினார். அங்கே மருந்து அடிக்கிறார்கள், காற்று இந்தப் பக்கம் வீசினால் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதற்காக அகத்தியும் சவுண்டலும் நெருக்கமாக நட்டிருக்கிறார், வேலியிலிருந்து பதினைந்து அடிக்குக் காய் எதுவும் போடுவதில்லை, தீவனப்புல் மட்டும்தான். இது முழுசாகத் தடுக்குமா என்றேன். "தெரியலைம்மா" என்றார்.

சாப்பர் ஆள் என்பது தண்ணீரில் தெரிகிறது. 12 மீட்டருக்கு 12 மீட்டர், 3 மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக் குட்டை. ஓரச் சரிவு போக இரண்டரை லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் என்று மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி, அதற்குக் கீழே கொட்டகைக் கூரையின் அளவு, அதற்கும் கீழே ஒவ்வொரு மழைக்கும் தேதியோடு கணக்கு. பாத்திகள் எல்லாம் கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக இருக்கின்றன. 2024 கோடையில் பெங்களூர் முழுக்கத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியபோது போர்வெல் இவரையும் கைவிட்டதாம், குட்டை இருந்ததால் முருங்கையும் கீரையும் பிழைத்தன, வாழை போய்விட்டது.

வாழைக்கு இன்னொரு எதிரியும் உண்டு. பன்னேர்கட்டாக் காடு பக்கம் என்பதால் ராகி முற்றும் சமயத்தில் யானை வரும். நான் போனதற்குப் பத்து நாள் முன்பு இரண்டு வந்து போயிருந்தன. ராகிப் பாத்தியின் நடுவே தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கால்தடம், காய்ந்து இறுகி, உள்ளே கொஞ்சம் பனித்தண்ணீர். பையன் அதற்குள் இரண்டு காலையும் வைத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். அந்த வாரம் பையில் காய் ஒரு கிலோ குறைவாக வந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் "இந்த வாரம் 4 கிலோதான், 100 ரூபாய் அடுத்த மாதம் கழித்துக்கொள்கிறோம்" என்று மட்டும் போட்டிருந்தார்கள், யானையைப் பற்றி மூச்சு விடவில்லை.

தோட்டத்தின் உண்மையான கமாண்டர் அவர் மனைவி என்பது என் கட்சி. பதான்கோட், ஜான்சி, ஜோத்பூர் என்று மாறிய குவார்ட்டர்ஸ் எல்லாவற்றிலும் புதினாத் தொட்டி வைத்தவர் அந்த அக்கா. விதை எல்லாம் அவர் பொறுப்பு. கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் கணவரின் நம்பரும் ரேங்கும் இன்னும் அழியாமல் இருக்கிறது, திறந்தால் சாம்பல் கலந்த அவரை விதை, வேப்பிலை போட்ட மொச்சை, சுரைக்குடுக்கையில் வெண்டை. ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டு.

சாப்பாட்டுக்குக் களியும் பிதுக்கம் பருப்புக் குழம்பும். பனிக்கால மொச்சை, ராத்திரி ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்தது. மூடியைத் திறந்ததும் வந்த வாசனைக்கு இந்த ஊரில் சொகடு என்று தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், மண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. உட்கார நிழல்தான் போதாது, கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் சின்னக் கார் அடி தட்டும். இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள்.

கிளம்பும்போது, இதில் வரும்படி கட்டுப்படி ஆகிறதா சார் என்று கேட்டேவிட்டேன். "பென்ஷன்தாம்மா இந்த நிலத்துக்கு உரம்" என்றார். ஹல்லிக்கார் மாடு ஒன்று வைத்திருக்கிறார், அது கொடுக்கிற பால் வீட்டுக்கே காணாது, சாணத்துக்காகத்தான் அது. கூலிக்கு ஒரே ஒரு ஆள். இருபது வீட்டை முப்பதாக ஆக்கலாமே என்றதற்கு அக்கா முந்திக்கொண்டு வேண்டாம் என்றார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்றைக் குறைத்தது 7.15-க்காக. பையில் சேர இப்போது இடம் இல்லை, யாராவது ஊர் மாறிப் போனால்தான் காலி ஆகும். நான் மே வரைக்கும் பணம் கட்டிவிட்டேன். நேற்று போன் செய்தபோது, புதுப் பந்தல் போட்டிருக்கிறோம் ஆன்ட்டி என்றாள் மகள். என்ன பந்தல் என்று கேட்டேன். பீர்க்கங்காயாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.