நிரந்தர வேலை என்று சொல்லி 34,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: மலையில் வேலை தேடும் பெண்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் மறுபடியும் ஊட்டியில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன அந்த ஆபீஸ் மாடிக்கு ஏறிப் போனேன். கதவில் பூட்டு. பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள், ஆணி மட்டும் சுவரில் நிற்கிறது. கீழே பேக்கரி வைத்திருப்பவர், "மூணு நாளா திறக்கலைங்கம்மா, உங்களுக்கும் பணம் தரணுமா?" என்று கேட்டார். உங்களுக்கும்! அப்படியானால் எனக்கு முன்னால் எத்தனை பேர் வந்து அதே பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்?

34,000 ரூபாய். எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. இன்றைக்கே எழுதிவிட வேண்டும், நாளைக்கு இன்னொரு பெண் அந்தப் படியில் ஏறக் கூடாது. இவர்களிடம் மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கோத்தகிரி பக்கம், கட்டபெட்டுக்கு அருகில் இருக்கிறேன். வயது 44. இரண்டு பிள்ளைகளையும் ஏழு வருஷமாக ஒற்றை ஆளாகத்தான் வளர்க்கிறேன். மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாவது. அவர்களுடைய அப்பாவைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

இந்த வயதில் மலையில் ஒரு பெண் வேலை தேடுவது எப்படி என்று தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜவுளிக்கடையில் கேட்டால் முப்பது வயதுக்குள் வேண்டும் என்கிறார்கள். கொழுந்து பறிக்கப் போனால் மழைக்காலத்தில் கை நிறைய வேலை, பனி இறங்கிவிட்டால் செடி கருகி, வாரத்தில் இரண்டு நாள்கூடக் கூப்பிட மாட்டார்கள். சின்னத் தோட்டக்காரர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் அவர்களே தவிக்கிறார்கள். தூள் பாக்கெட் போடும் இடத்தில் எட்டு மாதம் இருந்தேன், இயந்திரம் வந்தது, நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் குனிந்த முதுகை நிமிர்த்த நேரமிருக்காது. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி முடிந்து, ஜூன் மழை ஆரம்பித்ததும் "தேவைப்பட்டா கூப்பிடறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். 2024 மே மாதம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலில் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று கட்டுப்பாடும் வந்தது. அதைச் சொல்லி முதலாளி ஆறு பேரை மூன்றாகக் குறைத்தார். அந்த மூன்றில் நான் இல்லை.

இரவு வேலை என்றால் கிடைக்கும். ஆனால் எங்கள் லைனுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, கரடி வருகிறது. போன தையில் பக்கத்து வீட்டு சமையலறைக் கதவையே பிய்த்துவிட்டது. பிள்ளைகளை ராத்திரி தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது?

என் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அட்டைக்கடியும் குளிருமாக இருந்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., லைன் வீடு எல்லாம் உண்டு. "நான் நிரந்தரம்" என்று அம்மா சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்தத் தெளிவு எனக்கும் ஒரு நாள் வரும் என்று இருபது வருஷமாகக் காத்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைக் காட்டித்தான் என்னைப் பிடித்தார்கள்.

வேலை தேடித் தரும் செயலி ஒன்றை மகள் என் போனில் போட்டுத் தந்தாள். அதில் ஒரு விளம்பரம்: உண்டு உறைவிடப் பள்ளிக்கு விடுதிக் காப்பாளர் தேவை, பெண்கள் மட்டும், வயது 35 முதல் 50 வரை, நிரந்தரப் பணி, சம்பளம் 16,000, பி.எஃப்., இ.எஸ்.ஐ., தங்கக் குவாட்டர்ஸ், பணியாளர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணத்தில் பாதி. 35 முதல் 50! என் வயதை வேண்டும் என்று கேட்ட முதல் விளம்பரம் அது. மூன்று தடவை படித்தேன். பத்தே நிமிடத்தில் போன் வந்தது.

ஆபீஸ் ஊட்டியில். நேரில் வரச் சொன்னார்கள். ஆன்லைனில் மட்டும் பேசியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன், நேரில் கூப்பிட்டதால் நம்பினேன். மாடியில் இரண்டு அறை, நாலு நாற்காலி, சுவரில் மலைப் பள்ளிகளின் படங்கள் வரிசையாக. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி. நான் மழையில் நனைந்து போயிருந்தேன். "முதல்ல துடைச்சுக்கோங்கக்கா" என்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். கீழே சொல்லி டீயும் வர்க்கியும் வரவழைத்தாள். படிவத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் நான் பேனாவை நிறுத்தியதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அத விட்டுடுங்கக்கா. நானும் உங்கள மாதிரிதான். தனியாத்தான் புள்ளைய வளக்கறேன்."

போனைத் திருப்பி ஒரு குழந்தையின் படத்தைக் காட்டினாள். இரட்டைப் பின்னல், முன்பல் இல்லாத சிரிப்பு. என் மகனைப் பற்றிக் கேட்டாள். எந்த வகுப்பு, கணக்கு நன்றாகப் போடுவானா, இங்கிலீஷ் மீடியமா. "இந்த ஸ்கூல்ல சேந்துட்டான்னா அவன் வாழ்க்கையே வேறக்கா" என்றாள். ஏழு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான் இப்போதும் நினைத்து நினைத்து எரிகிறேன். பணத்தைக்கூட ஒரு நாள் மறப்பேன், அந்தக் கையை மறக்க மாட்டேன்.

அன்றைக்குப் பதிவுக் கட்டணம் 1,500. ரசீது கொடுத்தார்கள். நாலு நாள் கழித்து, "மேனேஜ்மென்ட் உங்கள செலக்ட் பண்ணிட்டாங்கக்கா" என்று போன். போலீஸ் வெரிஃபிகேஷனுக்கும் மெடிக்கலுக்கும் 4,500. அடுத்த வாரம் சீருடைக்கும் பயிற்சிக்கும் 8,000. இரண்டு காப்பிக்கொட்டை நிறப் புடவையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள், பயிற்சி என்று எதுவும் நடக்கவில்லை. கடைசியாகக் குவாட்டர்ஸ் டெபாசிட் 20,000. "இது உங்க பணந்தான்க்கா, வேலைய விட்டா அப்படியே திரும்ப வந்துரும். நாளைக்குள்ள கட்டலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

பதிவுக் கட்டணம் தவிர மீதி எல்லாம் ஜிபேயில் போனது. பணம் போன கணக்கில் ஆபீஸ் பெயர் இல்லை, யாரோ ஒரு ஆணின் பெயர் வந்தது. கேட்டதற்கு "எங்க அக்கவுண்டன்ட்தான்க்கா" என்றாள். 8,000 ரூபாய் மகளின் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வைத்திருந்தது. 20,000 மகளிர் குழுவில் வாங்கியது. எனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் குழுவில் அத்தனை பேரும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது நான் கட்டத் தவறினால் அவர்கள் தலையில் விழும். அந்த முகங்களைப் பார்க்கவே முடியவில்லை.

சேர வேண்டிய திங்கட்கிழமை, அந்தப் புடவையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஒரு பையில் துணியும் போர்வையுமாகக் குன்னூர் பக்கம் உள்ள அந்தப் பள்ளி வாசலுக்குப் போனேன். காவலாளி பெரியவர், ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த வேலை நியமனக் கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். முழுதாகக்கூடப் படிக்கவில்லை. "அம்மா, இதோட மூணாவது லெட்டர். இங்க அப்படி ஒரு வேலையே காலி இல்ல" என்றார். உள்ளே அலுவலகத்திலும் கேட்டுவிட்டு வந்தார். பள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்னை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பிறகு அவர் கடிதத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். பள்ளி முகவரியில் பின்கோடு 641 என்று ஆரம்பித்தது. நீலகிரி முழுக்க 643தானே. 641 கோயம்புத்தூர் பக்கம். பிறந்ததிலிருந்து 643 என்று எழுதி வளர்ந்தவள் நான். அந்தக் கடிதத்தைப் பத்து நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். தினமும் பார்த்தும் என் கண்ணில் படவில்லை, நான் பார்த்ததெல்லாம் "நிரந்தரப் பணி" என்ற வரியை மட்டும்தான்.

அன்றிலிருந்து அலைச்சல். முதல் நாள், "ஐயோ அக்கா, தேதி மாறிடுச்சு, நான் பேசறேன்." மூன்றாம் நாள், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." அடுத்த வாரம் நேரில் போனேன், அவள் இல்லை. ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். "ரீஃபண்டுக்கு 45 வேலை நாள் ஆகும், ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, படிக்கலையா?" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். டீ வாங்கிக் கொடுத்த அதே அறையில் என்னை நிற்க வைத்தே பேசினான். அதன் பிறகு அவள் ஒரு தடவை போனை எடுத்து, சொந்தத்தில் ஒரு சாவுக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். அப்போதுகூட நான் "சரிம்மா, பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்தேன். மறுநாளிலிருந்து என் வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஒற்றை டிக்தான். 34,000 ரூபாய், ஒற்றை டிக்.

அந்தச் செயலியிலும் புகார் எழுதினேன். வேலை தேடுபவரையும் தருபவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் பணி, பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதும் அந்த விளம்பரம் அதிலேயே இருந்தது. அதே 35 முதல் 50. புகார் வந்த பிறகும் விட்டு வைத்திருக்கிறார்களே, அது பொறுப்பில்லையா?

காவல் நிலையத்துக்குப் போனதில், ஆபீஸ் எங்கள் எல்லையில் இல்லை, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால், பள்ளி வேறு எல்லை என்றார்கள். எங்கள் தெருவில் சட்டம் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில், எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று அவன்தான் சொன்னான். மறுபடி போய் அதைச் சொன்ன பிறகுதான் மனுவை வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணையும் அவன்தான் சொன்னான். கூப்பிட்டேன். பணம் அனுப்பி எத்தனை நாள் என்று கேட்டார்கள். 26 நாள் என்றேன். முதல் சில மணி நேரத்திலேயே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாமாம். அந்த எண்ணை ஒரு மாதம் முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மனசு ஓடவில்லை. இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். பள்ளியோ விடுதியோ, முதலில் அந்த வாசலுக்கே நேரில் போய்க் கேளுங்கள். பஸ் செலவோடு போகும். நான் அதைக் கடைசியில் செய்தேன். தனியாள் கணக்குக்கு ஜிபே பண்ணாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930. அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியக் கட்டணமே கிடையாது, ஊட்டியிலேயே இருக்கிறது. பிள்ளையைப் பற்றி அன்பாக விசாரிக்கிறார்களே என்று இளகிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். காவலாளி பெரியவர் சொன்ன மற்ற இரண்டு பெண்களில் ஒருவர் கூடலூர்க்காரர், அவரும் வருகிறார். அவர் கட்டியது 27,000. ஊட்டியில் அதே மாடியில் பணம் கட்டியவர்கள் இன்னும் இருப்பீர்கள். வெட்கப்பட்டு உள்ளே இருக்காதீர்கள், ரசீதையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். காலை ஏழு மணிக்குக் கட்டபெட்டில் பஸ் ஏறுகிறேன். அந்த இரண்டு புடவையையும் சாட்சிக்குக் கையோடு கொண்டுபோகிறேன், அதே பிளாஸ்டிக் கவரில்.