ஓராகுயிக் எச்.ஐ.வி. சுயபரிசோதனை: வன்னி வீடொன்றில் பயன்படுத்திப் பார்த்தபோது

வன்னியில் வாழும் தன்பாலீர்ப்புள்ள, இருபாலீர்ப்புள்ள ஆண்கள் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போகத் தயங்குவதற்கு முதற் காரணம் தெரிந்த முகங்களே. அரசாங்கத்தின் பாலியல் நோய்க் கிளினிக்கில் பரிசோதனை இலவசம், பெயரும் பெறுபேறும் இரகசியமாகப் பேணப்படும் என்பதெல்லாம் உண்மைதான். ஆயினும் மருந்தெடுக்க வந்த பெரியம்மாவோ, கூடப் படித்த தாதியோ, வாசலில் ஓட்டோவை நிறுத்தியிருக்கும் அயலவரோ நாம் எந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறோம் என்று பார்த்துவிடுவார்கள் என்ற பயம் பலரைப் படலையோடேயே நிறுத்திவிடுகிறது. இப்படித் தயங்குவோரையும் சென்றடையவே உலக சுகாதார நிறுவனம் 2016 டிசெம்பரில் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது. நான் பயன்படுத்தியது ஓராகுயிக். வீட்டுப் பாவனைக்கென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த முதலாவது துரித எச்.ஐ.வி. பரிசோதனை இதுவே, அந்த அனுமதி 2012 இல் கிடைத்தது.

பயன்படுத்துவது எளிது. இரண்டு பகுதிகளாக ஒட்டப்பட்ட உறையில் ஒன்றுக்குள் திரவம் கொண்ட சிறு குழாயும், மற்றதற்குள் நுனியில் தட்டையான பஞ்சு வைத்த பிளாஸ்ரிக் கருவியும் இருக்கின்றன. குழாயின் மூடியை இழுத்துத் திறந்தால் திரவம் சிந்திவிடும்; இரு பக்கமும் மெல்ல அசைத்தே எடுக்க வேண்டும். பிறகு பஞ்சு நுனியால் மேல் முரசை ஒரு தடவையும் கீழ் முரசை ஒரு தடவையும் முழு நீளத்துக்கும் தடவி, கருவியைக் குழாய்க்குள் நிறுத்திவிட வேண்டும். சற்று நேரத்தில் சிறு சாளரத்தின் வழியே இளஞ்சிவப்பு நிறம் மேலேறுவது தெரியும். அது வெளுத்த பின்னரே கோடுகள் தெளியும். 20 நிமிடத்துக்கு முன்னரும் பார்க்கக்கூடாது, 40 நிமிடத்துக்குப் பின்னரும் பார்க்கக்கூடாது. சி (C) என்ற இடத்தில் மட்டும் கோடு வந்தால் தொற்றுக்கான அறிகுறி இல்லை. ரி (T) என்ற இடத்திலும் கோடு வந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், தொற்று இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். சி கோடு வராவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது. ஊசி இல்லை, இரத்தம் இல்லை. வாய் மூலம் பரிசோதிப்பதால் எச்சிலில் எச்.ஐ.வி. பரவும் என்று எவரும் நினைத்துவிடக்கூடாது. கருவி தேடுவது வைரஸையல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளை.

இதன் குறைபாட்டை விளங்கிக்கொள்ளாமல் இதை வாங்குவது ஆபத்தானது. பொதுமக்கள் தாமாகச் செய்த பரிசோதனைகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் வீதம் தொற்றில்லை என்று தவறாகக் காட்டப்பட்டது. தொற்றில்லாதவருக்கு இருப்பதாகத் தவறாகக் காட்டுவதோ 5,000 பேருக்கு ஒருவர் அளவிலேயே நிகழ்ந்தது. அத்துடன், தொற்று ஏற்பட்டு மூன்று மாதங்கள் கடக்கும் வரை இதன் எதிர்மறைப் பெறுபேற்றை நம்பியிருக்க முடியாது. ஆகவே சென்ற வாரம் நடந்த ஒன்றைப் பற்றிய கலக்கத்தை இன்று ஒற்றைக் கோடு கண்டு தீர்த்துக்கொள்வது வீண். எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க எடுக்கும் தடுப்பு மருந்தோ, எச்.ஐ.வி.க்கான சிகிச்சை மருந்தோ எடுப்பவருக்கும் இது பிழையான நிம்மதியைத் தரக்கூடும்.

வெப்பத்தைப் பற்றியும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பொதியை 2 பாகைக்கும் 30 பாகை செல்சியசுக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது உற்பத்தியாளரின் அறிவுறுத்தல். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் எங்கள் வீடுகளில் மத்தியான வெயில் எப்படி இறங்குகிறது என்பது வன்னியில் வாழ்பவர்களுக்குத் தெரியும். வெயிலில் நிற்கும் கூரியர் வாகனத்துக்குள் அதைவிட மோசம். வாங்கியதை அலுமாரித் தட்டில் மாதக்கணக்கில் மறைத்து வைப்பதைவிட, கிடைத்ததும் குளிர்ச்சியான ஒரு விடியற்காலையில் செய்துவிடுவதே நல்லது. செய்வதற்கு முந்திய கால் மணித்தியாலம் எதையும் உண்ணாமலும் குடிக்காமலும் இருக்க வேண்டும் என்பதற்கும் அந்த நேரமே பொருந்துகிறது.

என் மனத்தை உறுத்தியது விநியோகம். கூரியர்காரர் தொலைபேசியில் அழைக்கவில்லை. படலையில் நின்று பெயரைக் கூப்பிட்டு, வந்து கேட்ட அம்மாவிடம் பொதியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வெளியுறையில் எதுவும் அச்சிடப்படாதிருந்ததால் அது பிரிக்கப்படாமலே என் கைக்கு வந்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்த பின்னரும் அந்தப் பிரிவு அப்படியே இருக்கும் நாட்டில், ஒரு பொதி பிரிபடுவதால் ஒருவருக்கு வீடே இல்லாமற் போகலாம். பரிசோதனை செய்வது எந்தக் குற்றமும் அல்ல. ஆனால் கேள்வி பொதியோடு நிற்காது. முடிந்தவர்கள் வீட்டு விலாசத்தைக் கொடுக்காமல் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள கூரியர் கிளையில் நேரில் பெற்றுக்கொள்ளட்டும். இரண்டு அறைகள் கொண்ட வீட்டுத்திட்ட வீட்டில் தனிமையில் 20 நிமிடங்கள் இருப்பதும் எளிதல்ல. எல்லோரும் கோயிலுக்குப் போகும் நாளைப் பார்த்துத்தான் நான் செய்தேன்.

இரண்டு கோடுகள் தெரிந்தால் கருவியின் வேலை முடிந்தது. உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக்கிற்குப் போகத்தான் வேண்டும். அப்போது கதவடியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், தம்பிமாரே. சிகிச்சை இங்கே இலவசம். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து பாலுறவு மூலம் எச்.ஐ.வி. தொற்றாது. மணம் முடித்திருக்கும் ஆண்களிடம் இதை இன்னும் அழுத்திக் கேட்கிறேன். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுகிறது, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்றளித்தமைக்கு அதுவும் ஒரு காரணம். கணவனின் தொற்றை மனைவியின் இரத்தத்தில் கண்டுபிடிக்கும் நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது.

ஆபத்தான உறவு நடந்து 72 மணித்தியாலங்கள் கடக்காதவர் இந்தப் பொதிக்கு ஓடர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவே கூடாது. தொற்றைத் தடுக்க 28 நாட்கள் எடுக்கும் மருந்தை அந்த நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதால், அவர் அன்றைக்கே பாலியல் நோய்க் கிளினிக்கிற்கோ, அது பூட்டியிருந்தால் பெரிய வைத்தியசாலைக்கோ பஸ் ஏறட்டும்.